உலைக்கு எத்தனை வருஷம்

கத்தரிக்கோல் அட்டையைக் கடித்துக்கொண்டே போனது. இடது கை தள்ள, வலது கை வெட்ட, இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலே வேலை செய்தன. இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம். வெட்டிய ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு முறை அழுத்திப் பார்த்தன. தடிமன் சரியாக இருந்தால் வலப்பக்க அடுக்கில் போட்டன, நைந்திருந்தால் இடப்பக்கம் தள்ளிவிட்டன. நகக்கண்களில் என்றைக்கோ புகுந்த வெள்ளைக் கலவை. வலது நடுவிரலின் நுனி சப்பையாக இருந்தது. முப்பது வருஷமாகக் கல்லைத் தட்டிச் சத்தம் கேட்ட விரல்.

அட்டைகளில் கறுப்பு மையில் பெரிது பெரிதாக ஏதோ எழுதியிருந்தது. ஒரு துண்டில் அரை 'மூ', இன்னொன்றில் கொம்பு மட்டும் தனியாக. கைகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. தொழிற்சாலைக் கிடங்கில் இருந்த அட்டைக்கட்டு மழையில் ஊறி அப்பளமாகப் போயிருந்தது. வீட்டில் பீரோவுக்குப் பின்னால் இந்த அட்டைகள் கிடந்தன. போன மாதம் நடக்காமல் போன ஏதோ கூட்டத்துக்கு எழுதியவை. தடிமன் அளந்து செய்த மாதிரி இருந்தது. ஐம்பத்திரண்டு துண்டு வந்ததும் கைகள் நின்றன. எண்ணிப் பார்த்து, ரப்பர் வளையம் போட்டு, சாப்பாட்டுப் பையில் வைத்தன.

அந்தக் கைகளுக்கு உரியவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரசமட்டம் என்றால்தான் தெரியும். கல் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்க்கிற கருவி அது. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி சரியாக நடுவில் வந்து நிற்க வேண்டும். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர், டம்ளரில் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி நிற்பதைப் பார்த்து, "தரை கால் அங்குலம் சாய்வு" என்று சொல்லிவிட்டார். மாமனார் கட்டிய வீடு. மனைவியின் தம்பிக்கு அப்போது பத்து வயது. அவன் மட்டும்தான் சிரித்தான். பெயரும் அவன் வைத்ததுதான்.

ரசமட்டம் உலை கட்டுகிறவர். ஊர் எல்லையில் இருக்கும் கண்ணாடித் தொழிற்சாலையில் மணலையும் உடைசல் கண்ணாடியையும் உருக்கி மருந்து பாட்டில் செய்கிறார்கள். உருக்குகிற உலை ஒரு சின்ன வீட்டளவு இருக்கும். ஒரு முறை பற்றவைத்தால் அணைப்பதில்லை. ராத்திரி பகல், ஞாயிறு திங்கள் பார்க்காமல் வருஷக்கணக்கில் எரியும். உள்ளே பதித்த உலைக்கற்கள் தேய்ந்து மெலிந்த பிறகுதான் அணைப்பார்கள். பழைய கல்லைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதுக்கல் பதிக்க வேண்டும். இந்தச் சுற்று வட்டாரத்தில் அதைச் செய்ய அவரை விட்டால் ஆள் இல்லை.

அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இருபது வயதில் கல் சுமக்கப் போனார். அப்போது வெளியூரிலிருந்து வந்த உலைக்காரர்கள், வேலை நடக்கும்போது சுற்றிலும் சாக்கைக் கட்டி மறைத்துக்கொள்வார்கள். ஆனால் பழைய உலையைப் பிரிக்கிற அழுக்கு வேலையை மட்டும் கூலியாட்களிடம் விட்டுவிடுவார்கள். ரசமட்டம் அங்கேதான் படித்தார். எந்தக் கல் எந்த இடத்தில் கரைந்திருக்கிறது, எது வெடித்தது, ஏன் வெடித்தது என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். சாக்குக்கு உள்ளே நடந்ததெல்லாம் எட்டு வருஷம் கழித்து அந்தக் கற்களில் அப்படியே எழுதியிருந்தது.

ஒரே ஒரு முறை சறுக்கினார். அவர் தனியாகக் கட்டிய இரண்டாவது உலை அது. எத்தனை வருஷம் வரும் என்று முதலாளி ஆசையாகக் கேட்டார். ஆறு என்று மனதில் இருந்தது. முதலாளியின் முகத்தைப் பார்த்துப் பத்து என்று சொல்லிவிட்டார். பத்தை நம்பிப் பராமரிப்பைத் தள்ளிப்போட்டார்கள். ஐந்தாம் வருஷம் வளைவில் ஒரு பகுதி இறங்கியது. கீழே நின்றவருக்கு வலது கை முழங்கை வரை வெந்துபோனது. அவர் இன்றைக்கும் பஸ் நிலையத்தில் டீக்கடையில் இடது கையால் டம்ளர் கழுவுகிறார். ரசமட்டம் அந்தக் கடைப் பக்கம் போவதில்லை. அதற்குப் பிறகு யார் முகத்தையும் பார்த்து எண் சொன்னதில்லை.

இந்த முறை உலையின் மேல்வளைவுதான் பாக்கி. மரச்சட்டத்தின் மேல் கற்களை வில் மாதிரி அடுக்கிக்கொண்டு வர வேண்டும். நெருப்பில் கல் வீங்கும். வீங்க இடம் விடாவிட்டால் ஒன்றையொன்று நெருக்கி வளைவே ஒரு நாள் எகிறிவிடும். வெறும் இடைவெளி விட்டால் கலவை விழுந்து அடைத்துக்கொள்ளும். அதற்குத்தான் நடுநடுவே அட்டை. உலை பற்றியதும் அட்டை எரிந்துபோகும், அது விட்ட இடத்தில் கல் வீங்கிக்கொள்ளும். ஒரு இடத்தில் வைக்க மறந்தாலும் போச்சு. அதனால் வெட்டியது எத்தனை, வைத்தது எத்தனை என்று கணக்குப் பார்த்து, மிச்ச அட்டையை வேலை முடிந்ததும் மேனேஜர் கையில் கொடுத்துவிடுவது அவர் வழக்கம்.

"என்ன மேஸ்திரி, கல்லுக்கு லெட்டர் போடுறீங்களா?" என்று கேட்டார் கலவைக்காரம்மா. பதினெட்டு வருஷமாக அவருக்குக் கலவை குழைத்துக் கொடுக்கிறவர். "அட்டையில எழுத்தா இருக்கு."

"பழைய அட்டைம்மா. கலவை கொஞ்சம் தண்ணியா இருக்கு பாரு."

"என் கலவையா தண்ணி? உங்க கண்ணுதான் தண்ணி விடுது. போய்க் கண்ணாடி போடுங்க."

வெளியே வெயில் காய்ந்தது. அணைந்து கிடந்த உலைக்குள் வெளியை விடக் குளிர்ச்சியாக இருந்தது. இதை முதலில் கவனித்தவர் கலவைக்காரம்மாதான். "உலைக்குள்ள வந்து ஒதுங்குற காலம் வந்துடுச்சு பாருங்க" என்று சொல்லிவிட்டு, அவரே அதற்குச் சிரிக்கவில்லை.

மதியம் மேனேஜர் வந்தார். தலையில் தொப்பி, கையில் இரண்டு போன், கக்கத்தில் ஒரு தாள்.

"மேஸ்திரி, வளைவு எப்ப முடியும்?"

"நாளைக்குச் சாயங்காலம் பூட்டுக்கல் அடிச்சுடலாம் சார்."

"நல்லது. அப்பவே ஒப்படைப்புத் தாள்ல கையெழுத்துப் போட்டுடுங்க. எப்பவும் போடுறதுதான். ஆனா அந்த ஒன்பதாவது வரியை மட்டும் கொஞ்சம் யோசிச்சுப் போடுங்க."

ஒன்பதாவது வரி இதுதான். 'உலைக் கட்டுமானத்தின் எதிர்பார்ப்பு ஆயுள்: ...... ஆண்டுகள்.' பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டத்தை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? எட்டு வரும்."

மேனேஜர் உலைச் சுவரில் சாய்ந்தார். "வியாழக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்குல்ல. உலையைத் திரும்பப் பத்தவைக்க விடலாமா வேண்டாமான்னு. இந்தத் தாளோட நகலும் அங்க போகுது. எட்டுன்னு இருந்தா, இன்னும் எட்டு வருஷத்துக்குப் புகை விடப் போறானுங்கன்னு ஒரு கூட்டம் எந்திரிக்கும். மூணுன்னு இருந்தா, மூணு வருஷத்துல மூடப் போறானுங்கன்னு நம்ம ஆளுங்களே எந்திரிப்பாங்க."

"அப்ப நான் என்ன சார் போடட்டும்?"

"அதான் எனக்கும் தெரியல." அவர் ஒரு போனைக் காட்டினார். "இதுல பேசுறவரு மூணு போடச் சொல்றாரு, பார்க்க நல்லா இருக்குமாம்." மற்றதைக் காட்டினார். "இதுல பேசுறவரு எட்டுக்குக் குறைச்சா தொலைச்சுடுவேங்குறாரு. மருந்துக் கம்பெனிக்காரன் எட்டு வருஷத்துக்குப் பாட்டில் கேக்குறானாம். ரெண்டு பேரும் நம்ம ஹெட் ஆபீஸ்லதான், பக்கத்துப் பக்கத்து ரூம்."

மேனேஜர் போன பிறகு, ரசமட்டம் ஒரு கல்லைத் தட்டிச் சத்தம் கேட்டார். கல் சரியாகத்தான் பேசியது. எட்டு என்றது. இருந்தாலும் இரண்டாவது முறை தட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்குள் காலை வைத்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பீரோ சுவரை விட்டு இழுக்கப்பட்டிருந்தது. ஒரு பக்கம் மகள், ஆஸ்பத்திரிச் சீருடையைக்கூட மாற்றாமல். ஒரு பக்கம் மச்சினன், தொழிலாளர் சங்கத் துண்டு தோளில். அவன்தான் அந்த உலையை எரியவிட்டுக் கவனிக்கிறவன், சங்கத்துக்குச் செயலாளர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தான், நீங்களே கேளுங்க. என் அட்டையெல்லாம் காணோம். நாளன்னிக்குக் கூட்டம். இவ ஆளுங்கதான் எடுத்து ஒளிச்சிருக்காங்க."

"மாமா, என் அட்டையும்தான் காணோம். என் அட்டையை நானே ஒளிச்சு வைக்க எனக்கென்ன பைத்தியமா?"

ரசமட்டம் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார். "பீரோவுக்குப் பின்னாடி இருந்ததா?"

"ஆமாப்பா."

"அது போன மாசக் கூட்டத்துக்குன்னுல்ல நினைச்சேன்."

"அந்தக் கூட்டம்தானேப்பா ஒத்திவச்சு வியாழக்கிழமை நடக்குது! நீங்க என்ன பண்ணீங்க?"

அவர் கையால் வெட்டுகிற மாதிரி காட்டினார். இரண்டு விரல் அகலம் காட்டினார். ஒரு சாண் காட்டினார்.

மச்சினன்தான் முதலில் புரிந்துகொண்டான், உலையோடு வாழ்கிறவன் ஆயிற்றே. "இடைவெளிக்கா? வளைவுக்குள்ளயா? அத்தான், 'வேலையைப் பறிக்காதே'ன்னு மூணு நாள் உட்கார்ந்து எழுதினேன்!"

"'எங்களை மூச்சு விட விடுங்கள்'னு நானும்தான் எழுதினேன்" என்றாள் மகள். "அப்பா, அதை எடுக்க முடியாதா?"

"கல்லுக்கு நடுவுல இருக்கும்மா. பாதி வளைவு ஏறிடுச்சு."

"ரெண்டு பேரோடதும் கலந்தா?"

"ஒரே தடிமனா இருந்துச்சு" என்றார் அவர். தப்புச் செய்தவனின் ஒரே சமாதானம் அதுதான்.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "இருக்காதா பின்னே? ஒரே கட்டா வாங்கி ரெண்டா பிரிச்சுக் குடுத்தது நான்தானே. இனிமே அவங்கவங்க அட்டையை அவங்கவங்க வாங்கிக்குங்க. மையையும் சேர்த்து."

முதலில் மச்சினனுக்குச் சிரிப்பு வந்தது, மகளுக்கும் தொற்றிக்கொண்டது. சிரிப்பு அடங்கியதும் சண்டை இன்னும் வசதியாகத் தொடங்கியது.

"நீ சொல்லு" என்றான் மச்சினன் மகளிடம். "உன் ஆஸ்பத்திரியில ஊசி மருந்து எதுல வருது? எங்க பாட்டில்ல. உன்னைப் படிக்க வச்ச நர்சிங் காலேஜுக்கு அப்பா போட்டது உலைக் கல்லுல இருந்து வந்த வருமானம். முன்னூறு குடும்பம் அதை நம்பி இருக்கு. நாட்டுல பொருள் செஞ்சாத்தானே வேலை வரும், வேலை இருந்தாத்தானே ரோடு, ஆஸ்பத்திரி எல்லாம்? எல்லாத்தையும் மூடிட்டு மரத்தடியில உட்காரலாம்ங்கிறியா?"

"மரம் எங்க மாமா இருக்கு உட்கார? மூடச் சொல்லல. இப்படியே எரிக்காதீங்கன்னு சொல்றேன். கரன்ட்ல ஓடுற உலை இருக்கு. மெதுவா அதுக்கு மாறலாம்."

"கரன்ட் எங்கேர்ந்து வருது? அதுக்கும் எங்கயோ ஒருத்தன் கரி எரிக்கிறான்."

"வெயில்ல இருந்தும் எடுக்கலாம். அதுதான் நம்மகிட்ட கொட்டிக் கிடக்குதே." அவள் குரல் இறங்கியது. "போன கோடையில என் வார்டுல வெயில் தாங்காம வந்தவங்க பதினொரு பேர். அதுல நாலு பேர் உங்க ஆளுங்கதான் மாமா. பாட்டில் ஏத்துறவங்க. ஐஸ் கட்டியை அக்குள்ல வச்சு வச்சு என் கை மரத்துப்போச்சு."

அந்த நாலு பேரையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் மச்சினன்தான்.

"மாடியில வெப்பமானி வச்சு எழுதுறியே, அது என்ன சொல்லுது?" என்று கேட்டான், வேறு பக்கம் போக.

"நாலு வருஷமா எழுதுறேன். நாற்பதைத் தாண்டின நாள், முதல் வருஷம் ஒன்பது. அடுத்தது பதினாலு. அப்புறம் பன்னெண்டு. போன வருஷம் இருபத்தொண்ணு."

"பார்த்தியா! நடுவுல குறைஞ்சிருக்கு!"

ரசமட்டத்துக்கும் அந்தப் பன்னிரண்டைக் கேட்டதும் மனதுக்குள் சின்னதாக ஒரு நிம்மதி. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லலாம் என்று தோன்றியது.

"போன தடவை உலை கட்டும்போது, வெளிப்பக்கம் சூடு வெளியே போகாம ஒரு வரிசைக் கல் கூடுதலாப் போட்டேன். அவங்க கேக்கல, நானாத்தான் போட்டேன். உலை எரிக்கிற எண்ணெய்ல பத்துல ஒரு பங்கு மிச்சம் ஆச்சு."

"சூப்பர்ப்பா!" என்றாள் மகள்.

"அந்த மிச்ச எண்ணெய்ல கூடுதலா பாட்டில் ஓட்டினோம் அத்தான்" என்றான் மச்சினன். "நாற்பது பேரைப் புதுசா எடுத்தோம். உங்க புண்ணியம்."

"அப்ப எண்ணெய் குறையலையா?"

"எங்க குறைய? அதே எண்ணெய்தான். பாட்டில்தான் கூடிச்சு."

மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மச்சினனும் பார்த்தான். இரண்டு பேருக்குமே அது தங்கள் கட்சிக்குச் சாட்சியாகப் பட்டது. ரசமட்டத்துக்கு மட்டும் தான் யாருக்குச் சாட்சி என்று தெரியவில்லை. நல்லது செய்ததாக ஏழு வருஷம் மனதில் வைத்திருந்த வேலை அது. நாற்பது பேருக்கு வேலை வந்ததென்றால் நல்லதுதானே? புகை குறையவே இல்லையென்றால்?

அப்போதுதான் ஒன்பதாவது வரியைப் பற்றிச் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தெரிந்தது.

"எட்டு போடுங்க அத்தான். உண்மை அதானே? நீங்க கட்டினா எட்டு நிக்கும். எங்க ஆளுங்களுக்கு ஒரு தெம்பா இருக்கும்."

"மூணு போடுங்கப்பா. மூணு வருஷத்துல மாறணும்னு அவங்களை நெருக்க அது ஒண்ணுதான் கையில கிடைக்கும். நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

"அதுக்காக உங்கப்பாவைப் பொய் சொல்லச் சொல்றியா?"

"உண்மை சொல்லி எட்டு வருஷம் எரிய விடணுமா?"

மனைவி தட்டுகளோடு வந்தாள். "அவரைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனப்ப, எந்தக் கலர் நல்லாருக்குன்னு கேட்டதுக்கு ரெண்டோட நீளத்தையும் அளந்து சொன்னவரு. கையைக் கழுவுங்க."

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன் ரசமட்டம் மாடிக்கு ஏறினார். நாலு வருஷமாக மாடியில் அந்த வெப்பமானிப் பெட்டி இருக்கிறது. ஒரு நாளும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. இன்றைக்குத் தப்புக் கண்டுபிடிக்கத்தான் ஏறினார் என்பது அவருக்கே தெரியும். வெயில் நேராகப் படுகிற இடத்தில் வைத்திருப்பாள். தளத்தின் சூடு ஏறுகிற உயரத்தில் வைத்திருப்பாள். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்.

பெட்டி வெள்ளைச் சாயம் பூசிய மரச்சட்டங்களால் ஆனது. காற்று போக இடுக்கு விட்டிருந்தாள், வெயில் நுழைய முடியாத சாய்வில். தளத்திலிருந்து நெஞ்சு உயரம். சுவரிலிருந்து நாலடி தள்ளி. பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தார். குமிழி நடுவில் போய் நின்றது. திருப்பி வைத்தார். அப்போதும் நடுவில்தான்.

ஒரு குறையும் இல்லை. குறை இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டார். பெட்டிக்குள் நூலில் கட்டித் தொங்கிய நோட்டைப் புரட்டினார். சில பக்கங்களில் மகளின் கையெழுத்து, சில பக்கங்களில் மனைவியினுடையது.

"அவளுக்கு டூட்டி இருக்குற நாள்ல நான் எழுதுவேன்" என்றாள் மனைவி, துணிக்கூடையோடு மேலே வந்தவள். "என்ன, மட்டம் சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு. இந்தப் பன்னெண்டு வந்த வருஷம். அது ஏன் குறைஞ்சுது?"

"அந்த வருஷம் மழை முன்னாடியே வந்துச்சுல்ல. கீழ்த்தெருவுல இடுப்பளவு தண்ணி. நம்ம வீட்டு அரிசி டிரம் மிதந்துச்சே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அந்தத் தண்ணீரில் சமையலறைத் தரை உப்பிப்போய், அவரே ஒரு வாரம் உட்கார்ந்து மறுபடி போட்டார். அந்த வாரமும் உலை எரிந்துகொண்டுதான் இருந்தது. மச்சினன் படகில் போய் எரியவிட்டான். அணைத்தால் உள்ளே கண்ணாடி உறைந்து கற்களைப் பிளந்துவிடும். பெருமையாகத்தான் இருந்தது அப்போது, குடும்பத்தில் எல்லோருக்கும்.

"நீ சொல்லு" என்றார் மனைவியிடம். "எட்டா மூணா?"

அவள் ஒரு வேட்டியை உதறினாள். "என் தம்பிக்கு வேலை போகக் கூடாது. என் பொண்ணு சொல்றதும் நடக்கணும். இதுக்கு ஒரு எண் இருந்தா எழுதிட்டு வாங்க."

அன்றைக்கு உலைக்குள் கல், அட்டை, கல். ஒவ்வொரு அட்டையையும் சொருகும்போது எழுத்தைப் பார்த்தார், இது யாருடையது என்று. முதலில் சில தெரிந்தன. மகள் எழுத்தைச் சாய்த்து எழுதுவாள், மச்சினன் முட்டியை மடக்கின மாதிரி எழுதுவான். ஆனால் இரண்டு விரல் அகலத்தில் வெட்டிய பிறகு சாய்வும் தெரியவில்லை, முட்டியும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பார்ப்பதை விட்டுவிட்டார். எல்லாம் எரியப் போகிறவைதான். அது விட்டுப்போகிற இடம்தான் உலைக்கு வேண்டும்.

மூணு என்று எழுதினால்? டீக்கடையில் இடது கையால் டம்ளர் கழுவுகிறவரின் ஞாபகம் வந்தது. எண்ணைக் கூட்டிச் சொல்லி ஒரு கை போயிற்று. குறைத்துச் சொன்னால் யாருக்கும் எதுவும் ஆகாது என்பது உண்மையா? எட்டு என்று எழுதினால்? ஐஸ் கட்டி வைத்து மரத்துப்போன இன்னொரு கை ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் நினைத்தால் மறுபக்கம் ஏறியது, அந்தப் பக்கம் அழுத்தினால் இந்தப் பக்கம். கல்லாக இருந்தால் அடியில் கொஞ்சம் கலவை வைத்துச் சரிக்கட்டிவிடலாம்.

நாலு மணிக்குக் கடைசிக் கல் மிச்சம் இருந்தது. வளைவின் உச்சியில் ஆப்பு மாதிரி இறங்குகிற பூட்டுக்கல். அது இறங்கியதும் அத்தனை கல்லும் ஒன்றின் மேல் ஒன்று பாரத்தைப் போட்டு, தாங்குவது யார், தாங்கப்படுவது யார் என்று தெரியாமல் நின்றுவிடும். ரப்பர் சுத்தியலால் மூன்று அடி. கலவைக்காரம்மா காதை வளைவில் வைத்துக் கேட்டார். "உட்கார்ந்துடுச்சு."

மரச்சட்டத்தை ஆப்புகளைத் தளர்த்தி மெதுவாக இறக்கினார்கள். வளைவு ஒரு நகக்கனம் இறங்கி நின்றது. அவ்வளவுதான். இந்த இடத்தில் ரசமட்டம் எப்போதும் நிம்மதியாக ஒரு மூச்சு விடுவார். இன்றைக்கு அது வரவில்லை. இன்னும் தாள் பாக்கி இருந்தது.

மேனேஜர் உலை வாசலில் மேஜை நாற்காலி போட்டு, தாளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சினன் ஷிப்டு முடிந்து வாசலில் நின்றான். துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

ரசமட்டம் எட்டு வரிகளையும் வரிசையாக நிரப்பினார். கல்லின் வகை, எண்ணிக்கை, கலவை, இடைவெளி நாற்பத்தெட்டு. ஒன்பதாவது வரிக்கு வந்ததும் பேனா நின்றது. கட்டம் இரண்டு எழுத்து கொள்ளுகிற அளவுதான். கட்டத்துக்கு வெளியே, ஓரத்து வெற்றிடத்தில், அவர் பொடி எழுத்தில் எழுதத் தொடங்கினார். எழுதி முடிக்க நேரம் பிடித்தது.

மேனேஜர் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். "அணைக்காமல் எரித்தால் எட்டு ஆண்டுகள். நடுவில் நிறுத்தி நிறுத்திப் பற்றவைத்தால் இரண்டுகூட வராது, வளைவுக்குக் கீழே ஆள் நிற்கக் கூடாது. எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்து ஒரே தடவையாக, பதினைந்து நாள் மெதுவாக ஆறவிட்டு நிறுத்தினால், எந்த வருஷம் நிறுத்தினாலும் ஆளுக்கும் உலைக்கும் சேதம் இல்லை. அது எந்த வருஷம் என்று எனக்குத் தெரியாது."

"மேஸ்திரி" என்றார் மேனேஜர். "ஒரு எண் கேட்டா இது என்ன?"

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் சார்."

"இதை எட்டுன்னு எடுத்துக்கறதா? இல்லேன்னா வேற ஏதாவதா?"

"தெரியல சார்."

"முப்பது வருஷமா ஒரு தடவைகூட நீங்க தெரியாதுன்னு எழுதினதில்லையே."

"யாரும் இப்படிக் கேட்டதில்லையே சார்."

மேனேஜரின் ஒரு போன் அடித்தது, உடனே மற்றதும் அடித்தது. இரண்டையும் எடுக்கவில்லை. மறுபடி ஒரு முறை படித்தார். மச்சினன் கிட்டே வந்து அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்தான். "பதினைந்து நாள் ஆறவிடணும்ங்கிறது சரிதான்" என்று மட்டும் சொன்னான், யாரிடம் என்று இல்லாமல்.

ரசமட்டம் கையெழுத்துப் போட்டார். உலைக்குள் வெளிச்சத்துக்கு வைத்திருந்த கைவிளக்கைத் துடைத்து மேஜைமேல் வைத்தார். சாப்பாட்டுப் பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட மிச்ச அட்டைகளை எடுத்தார்.

"ஐம்பத்திரண்டு வெட்டினேன். நாற்பத்தெட்டு உள்ளே. நாலு இருக்கு, எண்ணிக்குங்க."

மேனேஜர் எண்ணினார். நாலு இருந்தது. புரட்டிப் பார்த்தார். கறுப்புக் கோடுகளும் வளைவுகளும். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கப் பார்த்தார், இடம் மாற்றி வைத்தார்.

"என்ன எழுதியிருக்கு இதுல?"

"நானும் பார்த்தேன் சார். பிடிபடல" என்று சொல்லி, ரசமட்டம் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார்.